தீவனத்தை ஏப்பம் விடுவது யார்?

வேலூர் பக்கத்துப் பொய்கைச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் கை முட்டியை வைத்து அழுத்திப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆரோக்கியமான மாடாக இருந்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளேயிருந்து ஏதோ புரண்டு வந்து முட்டியைத் தள்ளும். அதுதான் பெருவயிறு. அது புரளப் புரள, சுமார் நிமிடத்துக்கு ஒரு முறை, மாடு சத்தமில்லாமல் ஏப்பம் விடுகிறது. அந்த ஏப்பத்தில் கால் பங்குக்கு மேல் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு.

கறவையில் இருக்கும் 350, 400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு, ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாளைக்குச் சுமார் 10 கிலோ தீவனம் தின்னும். ஒரு கிலோ உலர் பொருளுக்குத் தோராயமாக 20 கிராம் மீத்தேன் என்று வைத்தால் 200 கிராம். கன அளவில் ஏறத்தாழ 300 லிட்டர். அதைப் பிடித்து அடுப்பில் எரிக்க முடியுமானால், 14.2 கிலோ சமையல் காஸ் சிலிண்டர் ஒன்றின் வெப்பம் இரண்டே மாதத்தில் ஒரு மாட்டின் வாய் வழியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கிலும் வைக்கோலிலும் இருந்த மொத்த ஆற்றலில் இது சுமார் 6 சதவீதம்.

வாய் வழியே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடு பின்பக்கமாக விடும் காற்றுதான் பூமியைச் சூடாக்குகிறது என்று கேலிப்படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு பெருவயிற்றில் உண்டாகிறது. பெருங்குடலில் உண்டாகும் மிச்சத்திலும் பெரும்பங்கு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில்தான் வெளியேறுகிறது. பின்வழியாகப் போவது இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் அதிகம்.

இந்த வாயுவைச் செய்வது மாடு இல்லை. வைக்கோலைச் செரிக்கும் நொதி மாட்டின் உடம்பில் கிடையாது. ஆட்டுப் போட்டி, அதாவது குடலும் வயிறும், வாங்கிக் கழுவியவர்களுக்கு அந்த உறுப்பு பழக்கமானதுதான். துண்டுத் துணி மாதிரி சொரசொரப்பாக இருப்பது பெருவயிற்றின் உட்சுவர், தேன்கூடு மாதிரி கட்டங்கட்டமாக இருப்பது அடுத்த அறை, புத்தக ஏடு மாதிரி அடுக்கடுக்காக இருப்பது அதற்கும் அடுத்தது. நாலாவதுதான் நம்முடையதைப் போல அமிலம் சுரக்கும் இரைப்பை. துண்டுத் துணியின் அந்தச் சொரசொரப்பு முழுவதும், நுண்ணுயிர்கள் செய்து தரும் அமிலங்களை உறிஞ்சிக்கொள்ளும் விரல்கள். உள்ளே காற்று கிடையாது, 39 டிகிரி வெப்பம். அந்தச் சாற்றின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள், லட்சக்கணக்கில் புரோட்டோசோவா என்ற ஒருசெல் உயிரிகள், வைக்கோல் தண்டைத் துளைத்துக்கொண்டு போகும் பூஞ்சைகள். இவற்றோடு ஆர்க்கியா என்ற தனிக் குலத்தைச் சேர்ந்த மீத்தேன் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. இவை பாக்டீரியாவே இல்லை, வேறு வம்சம் என்று கார்ல் வூஸ் 1977-ல் காட்டினார். 35 நாடுகளிலிருந்து 742 மாதிரிகளை எடுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், எந்த நாட்டு ஆடு மாடானாலும் முக்கியமான நுண்ணுயிர்க் கூட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்தது. குடியாத்தத்து மாட்டின் வயிற்றிலும் நியூசிலாந்து மாட்டின் வயிற்றிலும் மீத்தேன் செய்கிறவர்கள் ஒரே சொந்தக்காரர்கள்தான்.

ஹைட்ரஜன் கணக்கு

நுண்ணுயிர்கள் மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் சர்க்கரையாக உடைத்து, அதை மூன்று வகைக் கொழுப்பமிலமாக மாற்றுகின்றன: அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட். மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இவைதான். ஒரு சர்க்கரை மூலக்கூறு இரண்டு அசிட்டேட்டாக மாறினால் நாலு ஹைட்ரஜன் மூலக்கூறு வெளியே விழும். பியூட்டிரேட்டாக மாறினால் இரண்டு விழும். புரோப்பியோனேட்டாக மாறினால் விழாது, கூடவே இரண்டை வாங்கிக்கொள்ளும். காற்றில்லாத இடம் என்பதால் இந்த ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கிக் கழிக்க வழியில்லை. அது சேர்ந்துகொண்டே போனால் நொதித்தலே தடைப்படும், வைக்கோல் அப்படியே கிடக்கும். அப்போது கை கொடுப்பவைதான் ஆர்க்கியா. நாலு ஹைட்ரஜனையும் ஒரு கரியமில வாயுவையும் சேர்த்து ஒரு மீத்தேனாக்கி வெளியே அனுப்பிவிடுகின்றன. இவை வயிற்றுக்குள் இருக்கும் துப்புரவுப் பணியாளர்கள். வில்லன்களாகப் பார்த்தால் கணக்கு தப்பும்.

ஒருசெல் உயிரிகள் ஹைட்ரஜனை நிறைய விடுகின்றன, அதனால் ஆர்க்கியாக்கள் அவற்றின் மேலும் உள்ளேயும் ஒட்டிக்கொண்டே குடித்தனம் நடத்துகின்றன. அடுப்புக்குப் பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பவனைப் போல.

ஆகவே மீத்தேனைக் குறைக்கும் என்று யார் எந்தப் பொடியை, எந்தத் தீவனத்தை, எந்த இனத்தைக் கொண்டுவந்தாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: அந்த ஹைட்ரஜன் எங்கே போகிறது? பதில் இருந்தால் அது உருப்படியான வழி. பதில் இல்லையென்றால் மாடு தீனியைக் குறைத்துக்கொண்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

சோறும் வைக்கோலும்

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, வைக்கோலைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டுவது. மாவுச்சத்து புரோப்பியோனேட் பக்கம் சாயும், ஹைட்ரஜனுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிடும், மீத்தேன் குறையும். அமெரிக்காவில் சோளம் தின்று கொழுக்கும் இறைச்சி மாடுகள் ஆற்றலில் 3, 4 சதவீதத்தையே மீத்தேனாக இழக்கின்றன. வேலூர்ப் பக்கம் இது இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதல் இடி பால் சொசைட்டியில். பாலுக்கு விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும், அதாவது கொழுப்பு நீங்கலான திடப்பொருளையும், வைத்துத்தான். பாலில் உள்ள கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி அசிட்டேட்டிலிருந்தும் பியூட்டிரேட்டிலிருந்தும் செய்கிறது. அசிட்டேட் குறைந்தால் மீத்தேனும் குறையும், பால் சீட்டில் கொழுப்புப் புள்ளியும் குறையும். பால் ஒரு லிட்டர் கூடி, லிட்டருக்கான விலை இறங்கிப்போகும். நார்ச்சத்தை ஓர் அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது இடி உயிருக்கே. மாட்டுப் பொங்கலன்றும் கல்யாணத்துக்கு மறுநாளும் கால்நடை மருத்துவர்களுக்கு வரும் அழைப்பு எல்லோருக்கும் தெரிந்ததே: "மிச்சச் சோறு வச்சோம், மாடு எழுந்திருக்க மாட்டேங்குது." பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரே வேளையில் ஒரு குண்டான் சோறு போனதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா அரை மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் வேகத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. அமிலம் ஏற ஏற இறங்கும் அளவு பி.எச். ஆறரை அளவில் இருக்க வேண்டிய அது ஒரு நாளுக்குள் 5-க்கும் கீழே இறங்கும். நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் சாகும், ஒருசெல் உயிரிகள் சாகும், ஆர்க்கியாக்களும் ஓயும். அமிலம் உடம்பிலிருந்து தண்ணீரைப் பெருவயிற்றுக்குள் இழுக்கும். இடது பள்ளத்தைக் குலுக்கினால் குடத்தில் தண்ணீர் அலம்புவது போலக் கேட்கும். சாணம் தண்ணீராகப் போகும், புளித்த வாடை அடிக்கும், கண் குழிவிழும். இந்த நேரத்தில் மீத்தேன் ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். மாடும் போகிற நிலையில் இருக்கும்.

உடனே சோற்றையும் அடர் தீவனத்தையும் நிறுத்திவிட்டு, வைக்கோல் மட்டும் போட்டு, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரத் தாமதமானால் பெரிய மாட்டுக்கு 150, 200 கிராம் சமையல் சோடாவை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். புகட்டும்போது நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றுவது நம் ஊரில் வழக்கமான தவறு. நாக்கு வெளியே இருந்தால் மாடு விழுங்க முடியாது, மருந்து நுரையீரலுக்குப் போய் வேறொரு நோய் வரும். தேறிய பிறகு, நல்ல மாட்டின் வாயிலிருந்து எடுத்த அசைக் கவளத்தையோ, ஆரோக்கியமான மாட்டின் பெருவயிற்றுச் சாற்றையோ கொடுத்து நுண்ணுயிர்களைத் திரும்பக் குடியேற்றுவது மருத்துவர்கள் செய்யும் பழைய வைத்தியம்.

வைக்கோலைத் திருத்துவது

வட ஆற்காட்டு மாடுகளின் நிலை இதற்கு நேர் எதிர். கோடையில் பாலாறு மணலாகக் கிடக்கும் மாதங்களில் பசுந்தீவனம் இருக்காது, வைக்கோலே கதி. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். பெருவயிற்று நுண்ணுயிர்கள் வேலை செய்யக் குறைந்தது 7 சதவீதமாவது வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் அவை பெருகாது, வைக்கோல் வயிற்றிலேயே நாள் கணக்கில் கிடந்து மெதுவாக நொதிக்கும். மெதுவாக நொதித்தால் அசிட்டேட், அசிட்டேட் என்றால் ஹைட்ரஜன், ஹைட்ரஜன் என்றால் மீத்தேன். பால் மட்டும் வராது.

இதற்கு யூரியா வைக்கோல் என்ற வழி பல ஆண்டாகச் சொல்லப்படுகிறது. பாதிப் பேர் ஒரு தடவை செய்து பார்த்துக் கைவிட்டதற்குக் காரணம் செய்முறைப் பிழைகள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். முழுவதும் கரைய வேண்டும். தார்ப்பாயோ சிமென்ட் தரையோ வேண்டும், மண் தரையானால் கரைசல் ஊறிப்போகும். 10 கிலோ வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பூவாளியால் 6 லிட்டர் தெளித்து, காலால் நன்றாக மிதித்து, அடுத்த அடுக்கு. பத்து அடுக்கு முடிந்ததும் பாலித்தீன் தாளால் மூடி ஓரமெல்லாம் மண் போட்டு அணைக்க வேண்டும். 21 நாள். உள்ளே யூரியா அம்மோனியாவாக மாறி, நாரைக் கட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற கட்டைப் பொருளின் பிணைப்புகளைத் தளர்த்தும், புரத அளவு 7, 8 சதவீதத்துக்கு ஏறும்.

சரியாக வந்த வைக்கோல் பொன்னிறமாக, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா வாடையோடு இருக்கும். வாடையே இல்லாமல் கறுத்துப் பூஞ்சை நூல் கட்டியிருந்தால் தாளில் ஓட்டை விழுந்திருக்கிறது, அதைக் குப்பையில்தான் போட வேண்டும். தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் யூரியா மாறாமல் அப்படியே நிற்கும். அதைத் தின்ற மாட்டுக்கு நடுக்கம், நுரை, வயிறு உப்புசம், சில மணி நேரத்தில் சாவு. மீந்த கரைசலை மாடு குடிக்கும் இடத்தில் வைப்பதைப் போல மோசமான கவனக்குறைவு கிடையாது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது.

இப்படிச் செய்தால் மாட்டின் மொத்த மீத்தேன் குறையாது, சற்றே கூடவும் கூடும். ஏனென்றால் மாடு அதிகம் தின்னும். குறைவது லிட்டர் கணக்கில். 8 கிலோ உலர் தீவனம் தின்று 5 லிட்டர் கறக்கும் மாடு லிட்டருக்கு 32 கிராம் மீத்தேன் விடுகிறது. 12 கிலோ தின்று 12 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 20 கிராம். மாடு உயிரோடு நிற்பதற்கே ஆகும் செலவு அதிக லிட்டர்களில் பங்கு பிரிகிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: சினை பிடிக்காமல் நிற்கும் மாடு. கறவை வற்றிய மாடும் நாளைக்கு 150 கிராம் மீத்தேன் விடும். 13 மாதத்துக்கு ஒரு கன்று போட வேண்டிய மாடு 18 மாதம் இழுத்தால், அந்த ஐந்து மாதத்தில் 22, 23 கிலோ மீத்தேன் ஒரு சொட்டுப் பாலும் இல்லாமல் போகிறது. நன்றாகக் கறக்கும் மாடு ஆயிரம் லிட்டர் பால் தரும்போது விடும் அளவு அது. காலையில் பருவத்துக்கு வந்தால் அன்று சாயங்காலம், சாயங்காலம் வந்தால் மறுநாள் காலை சினை ஊசி. கறவை மாட்டுக்குத் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்பு. இதை எந்த மாநாட்டிலும் பருவநிலைத் தொழில்நுட்பம் என்று யாரும் மேடை போட்டுச் சொல்வதில்லை. வேலை மட்டும் செய்யும்.

கடலைக்கொடி இந்தப் பக்கத்துச் சொத்து. புரதம் வைக்கோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல், செரிமானமும் வேகம். ஆடிப் பட்டத்துக் கடலையை ஐப்பசியில் பிடுங்கும்போது மழை பிடித்துக்கொள்வதுதான் தொல்லை. நனைந்த கொடியைப் போராகப் போட்டால் பூஞ்சை ஏறும், பூஞ்சை நஞ்சு பாலுக்கும் வரும். வரப்பிலோ பந்தலிலோ தொங்கவிட்டு இலை உதிராமல் காய வைக்க முடிந்தால்தான் அது தீவனம்.

எண்ணெயும் புளியங்கொட்டைத் தோலும்

எண்ணெய்ச் சத்து ஒருசெல் உயிரிகளை அடக்கும். அது நொதிக்காத பொருள் என்பதால் ஹைட்ரஜனும் விடாது. உலர் தீவனத்தில் கொழுப்பு ஒரு சதவீதம் கூடினால் மீத்தேன் தோராயமாக 4 சதவீதம் குறையும். செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கில் 6, 8 சதவீத எண்ணெய் தங்கியிருக்கும். ஆலையில் கரைப்பான் போட்டு எடுத்ததில் ஒரு சதவீதம்தான் மிஞ்சும். ஆனால் தீவனம் முழுவதிலும் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் நாரின்மேல் படிந்து பாக்டீரியாவை அண்டவிடாது. தீனி குறையும், பால் கொழுப்பும் குறையும்.

அடுத்தது டானின், அதாவது துவர்ப்பு. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்குப் பழக்கமான பொருள்தான். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்தில் தோலின் புரதத்தை இறுக்கிப் பிடித்தது எதுவோ, அதுவேதான் பெருவயிற்றில் ஒருசெல் உயிரிகளையும் ஆர்க்கியாக்களையும் அடக்குகிறது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் புளியங்கொட்டைத் தோலைக் கொண்டு 'டாமரின் பிளஸ்' என்ற கலவையையும், பிறகு டானின் மிகுந்த தாவரங்களைச் சேர்த்து 'ஹரித் தாரா'வையும் உருவாக்கியது. ஹரித் தாரா மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. புளியங்கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, பருப்பை மாவாக்கி நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். தோல் கழிவு. கழிவுக்கு ஒரு வேலை கிடைப்பது நல்லதுதான். ஆனால் கிடைக்கிறதே என்று அள்ளிக் கொட்டக் கூடாது. தீவனத்தில் டானின் 5 சதவீதத்தைத் தாண்டினால் அது புண்ணாக்கின் புரதத்தையும் கட்டிப்போடும். சாணம் கறுத்து இறுகும், மாடு தொட்டியிலிருந்து தலையை எடுத்துவிடும்.

துவர்ப்பு இலை என்றதும் சூபாபுல் என்ற தீவன மரம் ஞாபகம் வரும். அதிலுள்ள மைமோசின் நஞ்சால் ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு முடி கொட்டியது, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவு ஆடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் பெருவயிற்றுச் சாற்றை ஆஸ்திரேலிய ஆடுகளுக்கு மாற்றினார், நஞ்சு முறிந்தது. முறித்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரே வைத்தார்கள்: சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சி. வயிற்றுக்குள் புது ஆளைக் குடியேற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு. ஆனால் அந்தப் பாக்டீரியாவுக்குச் சாப்பிட மைமோசின் இருந்தது, அதனால் தங்கியது. ஆர்க்கியாவின் இடத்தைப் பிடிக்க வேண்டுமானால் புதிதாக வருகிறவன் ஹைட்ரஜனை அதைவிடத் திறமையாகத் தின்ன வேண்டும். அசிட்டேட் செய்யும் பாக்டீரியாக்கள் சில அந்த வேலையைச் செய்யும்தான், ஆனால் ஹைட்ரஜன் அதிகமாகச் சேர்ந்தால்தான் அவற்றால் முடியும். ஆர்க்கியா மிகக் குறைந்த அளவிலேயே உறிஞ்சிவிடும். 'மீத்தேன் குறைக்கும் புரோபயாட்டிக்' என்று வரும் பாக்கெட்டுகளை இதனால்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் பேர் வாங்கிய மருந்து 3-நைட்ராக்ஸி புரோப்பனால். ஆர்க்கியா மீத்தேன் செய்யும் கடைசிப் படியில் உள்ள நொதியை அடைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் அனுமதித்தது. கறவை மாட்டில் சுமார் 30 சதவீதம் குறைகிறது. மிஞ்சும் ஹைட்ரஜனில் கொஞ்சம் அப்படியே ஏப்பத்தில் போகிறது, கொஞ்சம் புரோப்பியோனேட் பக்கம் திரும்புகிறது. நம் ஊருக்குச் சிக்கல் வேறு. அந்த மருந்து வயிற்றில் சில மணி நேரம்தான் நிற்கும், ஒவ்வொரு வாய்த் தீவனத்திலும் கலந்திருக்க வேண்டும். அங்கே எல்லாத் தீவனத்தையும் இயந்திரத்தில் ஒன்றாகக் கலந்து நாள் முழுக்க வைக்கிறார்கள். இங்கே தவிடும் புண்ணாக்கும் காலை மாலை கழனித் தண்ணீர்த் தொட்டியில் கரைத்து வைப்பது. மாடு ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிட்டு, மற்ற நேரமெல்லாம் வெறும் வைக்கோலை மெல்லும். மருந்து போன பிறகு ஆர்க்கியா பழையபடி வேலையைப் பார்க்கும். அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி சில சோதனைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. அதில் வேலை செய்யும் புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும், பாலில் எச்சம் வருமா என்ற கேள்வியும் உண்டு. ராமநாதபுரம் கடலில் வளர்க்கும் பாசி வேறு இனம்.

நாட்டு மாடு மீத்தேன் குறைவாக விடும் என்றொரு பேச்சும் இருக்கிறது. மாட்டுக் கணக்கில் உண்மை. 1911 வரை பழைய வட ஆற்காட்டோடு இருந்த சித்தூர்ச் சீமையின் புங்கனூர்க் குட்டை மாடு கொஞ்சம் தின்னும், கொஞ்சம் விடும். லிட்டர் கணக்கு போட்டால் நிலைமை மாறும். ஆனால் அதை வளர்க்கிறவர் பாலுக்காக மட்டும் வளர்ப்பதில்லை. எருவுக்கும் காட்டு மேய்ச்சலுக்கும் வெயில் தாங்கும் உடம்புக்கும் சேர்த்து வளர்க்கிறார். லிட்டரால் மட்டும் வகுப்பது அந்த மாட்டுக்கு நியாயம் இல்லை.

மீத்தேனை அளக்கத் தனி அறை வேண்டும், அல்லது அடையாள வாயு கசியும் சிறு குழாயை மாட்டின் பெருவயிற்றில் இட்டு, மூச்சுக் காற்றைப் பிடிக்கும் உருளையைக் கழுத்தில் மாட்ட வேண்டும். கொட்டகையில் அதற்கு வழியில்லை. ஹைட்ரஜன் ஒழுங்காகக் கணக்குத் தீர்கிறதா என்று பார்க்க வேறு அடையாளங்கள் உண்டு. அசைபோடும் மாட்டின் தாடையை எண்ணினால் ஒரு கவளத்துக்கு 50, 60 மெல்லல் வர வேண்டும். 40-க்குக் கீழே போனால் நார் போதவில்லை, அமிலம் ஏறிக்கொண்டிருக்கிறது. சாணத்தைக் காலால் கலைத்துப் பார்த்தால் விரல் நீள வைக்கோல் துண்டுகள் அப்படியே கிடந்தால் நுண்ணுயிருக்கு நைட்ரஜன் போதவில்லை. முழு மக்காச்சோளம் கிடந்தால் தானியம் சரியாக உடைபடவில்லை. பால் சீட்டில் கொழுப்பு ஒரே வாரத்தில் அரைப் புள்ளி இறங்கினால், அந்த வாரம் தொட்டியில் என்ன மாற்றிப் போட்டார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.